உழைப்பை அளந்த கோல்: கனடா நாட்டு வேலையின்மைக் காப்புறுதியின் வரலாறு

உழைப்பை எதனால் அளப்பது? நெல்லுக்கு மரக்கால் உண்டு. துணிக்கு முழம் உண்டு. பொன்னுக்குத் தராசு உண்டு. மனிதன் உழைத்த உழைப்புக்கு அளவு யாது? நாளா, வாரமா, மணியா? இக்கேள்வி பொருளியலாருக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டுத் தோட்டப்புறங்களில் பிறந்து வளர்ந்தோர் இதனை நன்கு அறிவர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் பதிந்தால்தான் அன்றைக்குக் கூலி. பெயர் பதியாத நாள் கணக்கில் இல்லாத நாள்.

கூலிக்கு அளவு இருப்பதுபோலவே, வேலை போன பின்னர்த் தொழிலாளிக்குக் கிடைக்கும் உதவிக்கும் ஓர் அளவு உண்டு. இத்தனை காலம் உழைத்துச் சந்தா கட்டியவனுக்கே உதவித்தொகை என்று சட்டம் ஒரு கோடு கிழிக்கும். கோட்டுக்கு இப்பால் நிற்பவனுக்குப் பணம் உண்டு. அப்பால் நிற்பவனுக்கு ஒரு மறுப்புக் கடிதம் உண்டு. "நீர் உழைத்தது போதாது" என்று வரும் அக்கடிதத்தை எதிர்த்து ஒருவர் முறையிட்டால் பயன் உண்டா? அம்முறையீட்டைக் கேட்கும் நடுவர் எதனை மாற்றலாம், எதனை மாற்ற இயலாது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர்க்குக் கனடா நாட்டின் வரலாறு பெரிதும் துணை செய்யும். அந்நாடு ஒரே காப்புறுதித் திட்டத்தில் நாள், வாரம், மணி என்னும் மூன்று அளவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கையாண்டு பார்த்தது.

பிரிட்டனில் ஊன்றிய வித்து

கனடாவின் திட்டத்துக்கு வேர் பிரிட்டனில் உள்ளது. 1911-ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் தேசியக் காப்புறுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. நிதியமைச்சராயிருந்த லாயிட் ஜார்ஜ் அதனை முன்னின்று நடத்தினார். அதன் இரண்டாம் பகுதி வேலையின்மை பற்றியது. கட்டடம், கப்பல் கட்டுதல், இயந்திரத் தொழில் போன்ற ஏழு தொழில்களைச் சேர்ந்த ஏறத்தாழ இருபத்திரண்டரை இலட்சம் தொழிலாளர் அதில் அடங்கினர். தொழிலாளியும் முதலாளியும் வாரந்தோறும் தலைக்கு இரண்டரைப் பென்ஸ் செலுத்தினர். அரசும் தன் பங்கை இட்டது. வேலை இழந்தவனுக்கு வாரம் 7 ஷில்லிங், ஓராண்டில் 15 வாரம் வரையில் கிடைத்தது. கட்டிய சந்தா ஐந்துக்கு ஒரு வார உதவி என்பது கணக்கு.

இச்சட்டம் முறையீட்டுக்கும் வழி வகுத்தது. காப்புறுதி அதிகாரி மறுத்தால் தொழிலாளி நடுவர் குழுவிடம் செல்லலாம். அக்குழுவில் முதலாளிமார் சார்பில் ஒருவரும், தொழிலாளர் சார்பில் ஒருவரும், எச்சார்பும் இல்லாத தலைவர் ஒருவரும் அமர்ந்தனர். அதற்கு மேல் நாடு முழுமைக்கும் ஒரு தலைமை நடுவர் இருந்தார். வழக்கறிஞரும் கறுப்பு அங்கியும் இல்லாத ஒரு மன்றத்தில், தொழிலாளியின் பாட்டைத் தானும் பட்டறிந்த ஒருவர் அமர்ந்து கேட்பது அக்காலத்தில் புதுமையாகும். ஏழையர் உதவி என்றாலே பிச்சை என்று கருதப்பட்ட நாட்டில், உதவி மறுக்கப்பட்டவன் "என் உரிமை யாது?" என்று கேட்க ஓர் இடம் பிறந்தது.

முகாமிலிருந்து சட்டம் வரை

கனடாவில் இத்தகைய சட்டம் வரக் கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1929-ஆம் ஆண்டுக்குப்பின் வந்த பெருமந்தம் அந்நாட்டைப் படுத்திய பாடு பெரிது. 1933-ஆம் ஆண்டில் தொழிலாளரில் நான்கில் ஒருவருக்கு மேல் வேலையின்றி இருந்தனர். மணமாகாத ஆடவர் பலர் அரசின் நிவாரண முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே சாலை போட்டும் மரம் வெட்டியும் அவர்கள் பெற்றது நாளொன்றுக்கு 20 காசு. 1935-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர்களில் ஆயிரக்கணக்கானோர் சரக்கு இரயில்களின் கூரைகளில் ஏறி, வான்கூவரிலிருந்து தலைநகர் ஒட்டாவாவை நோக்கிப் புறப்பட்டனர். வழியில் ரெஜைனா நகரில் அவர்கள் தடுத்து நிறுத்தப்பட்டனர். ஜூலை முதல் நாள் அங்கே கலவரம் மூண்டது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது.

அதே 1935-ஆம் ஆண்டில் பிரதமர் பென்னட் ஒரு வேலையின்மைக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டு வந்தார். ஆயின் அது உயிர் பெறவில்லை. இத்தகைய காப்புறுதி மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டதே தவிர நடுவண் அரசுக்கு உரியதன்று என்று 1937-ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவி கௌன்சில் தீர்ப்பளித்தது. அதன்பின் பிரதமர் மெக்கன்ஸி கிங் மாகாணங்களின் இசைவைப் பெற்றார். 1940-ஆம் ஆண்டு ஜூலையில் அரசியலமைப்பே திருத்தப்பட்டது. ஆகஸ்டில் வேலையின்மைக் காப்புறுதிச் சட்டம் நிறைவேறியது. 1941-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சந்தா வசூல் தொடங்கியது.

இச்சட்டத்தின் அளவுகோல் நாள். உதவி கோருவதற்கு முந்திய ஈராண்டுகளில் 180 நாட்சந்தா கட்டியிருக்க வேண்டும். பிரிட்டனின் முறையைப் பின்பற்றி, மூவர் அடங்கிய நடுவர் குழுவும், அதற்கு மேல் நீதிபதி ஒருவரைத் தலைமை நடுவராகக் கொண்ட மேல்முறையீடும் ஏற்பட்டன.

உள்ளே யார்? வெளியே யார்?

1940-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஊன்றிப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். நாட்டின் உழைப்பாளரில் பாதிப்பேர் கூட அதில் அடங்கவில்லை. உழவுத் தொழிலாளர், மீனவர், வீட்டுப் பணியாளர் ஆகியோர் விலக்கப்பட்டனர். ஆசிரியரும் மருத்துவத் தாதியரும் விலக்கப்பட்டனர். உழவிலும் மீன்பிடியிலும் வேலையைக் கணக்கிடுவது அரிது என்பது ஒரு காரணம். ஆசிரியருக்கும் தாதியருக்கும் வேலை போகும் அச்சமே இல்லை என்பது மற்றொரு காரணம். ஆண்டு முழுதும் தொழிற்சாலையில் உழைக்கும் ஆடவன் ஒருவனை மனத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அவனுடைய அளவுக்குத் தைத்த சட்டை அது. மற்றவர்க்கு அது பொருந்தாமற் போனதில் வியப்பில்லை.

சட்டையின் அளவு பெண்களை எவ்வாறு இறுக்கியது என்பதற்கு 1950-ஆம் ஆண்டின் விதி ஒரு சான்று. மணமான பெண் வேலையை இழந்தால், மணத்துக்கு முன் அவள் கட்டிய சந்தா மட்டும் போதாது. மணமான பின்னரும் 90 நாள் வேலை செய்து, தான் உண்மையாகவே உழைப்பை விரும்புபவள் என்று மெய்ப்பிக்க வேண்டும் என்று அவ்விதி கூறிற்று. மணமான ஆடவனிடம் இக்கேள்வி கேட்கப்படவில்லை. தொழிற்சங்கங்களும் மகளிர் அமைப்புகளும் விடாது எதிர்த்தன. 1957-ஆம் ஆண்டில் அவ்விதி நீக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அவ்வேழாண்டுகளில் மறுப்புப் பெற்ற பெண்கள் நடுவர் குழுவிடம் முறையிட்டனர். ஆயின் 90 நாள் என்று விதி வரையறுத்த பின்னர், 80 நாள் உழைத்தவளுக்கு இரங்கி, "போதும்" என்று சொல்ல நடுவருக்கு அதிகாரம் இல்லை. எண்ணைப் படைத்தவர் வேறு. எண்ணிப் பார்ப்பவர் வேறு. இவ்வேறுபாடு பின்வரும் வரலாறு முழுவதிலும் ஊடுருவி நிற்கும்.

நாள் போய் வாரம், வாரம் போய் மணி

1971-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும் மாற்றத்தைக் கொண்டு வந்தது. அமைச்சர் பிரைஸ் மெக்காசி கொண்டுவந்த அச்சட்டத்தால் உழைப்பாளர் ஏறத்தாழ அனைவரும் காப்புறுதிக்குள் வந்தனர். ஆசிரியரும் தாதியரும் உள்ளே வந்தனர். மகப்பேற்றுக்கும் நோய்க்கும் உதவித்தொகை அதே நிதியிலிருந்து வழங்கப்பட்டது. அளவுகோல் 1955-ஆம் ஆண்டிலேயே வாரமாகியிருந்தது. ஓராண்டில் 8 வாரம் உழைத்தவரே உதவி கோரலாம் என்னும் அளவுக்குக் கதவு அகலத் திறந்தது. பின்னர் வந்த ஆட்சிகள் அக்கதவைச் சிறிது சிறிதாகச் சாத்தின. 1990-களின் நடுப்பகுதியில், வட்டாரத்தின் வேலையின்மை விகிதத்துக்கு ஏற்ப 12 முதல் 20 வாரம் வரை தேவைப்பட்டது. வாரம் என்பது ஏழு நாளும் உழைத்த வாரமன்று. 15 மணி நேரம் உழைத்திருந்தால், அல்லது வரையறுத்த தொகைக்குக் குறையாமல் ஊதியம் பெற்றிருந்தால், அது ஒரு வாரமாகக் கொள்ளப்பட்டது.

இம்முறையில் ஒரு குறை இருந்தது. 15 மணிக்குக் குறைவாக வேலை கொடுத்தால் சந்தா கட்ட வேண்டுவதில்லை என்று கண்ட சில முதலாளிகள், தொழிலாளிக்கு வாரம் 14 மணி நேரத்துக்கு மேல் வேலை கொடாது நிறுத்தினர். இரண்டு கடைகளில் 14 மணி நேரம் வீதம் 28 மணி நேரம் உழைத்தவளுக்குக் காப்புறுதி இல்லை. ஒரே கடையில் 15 மணி நேரம் உழைத்தவளுக்கு உண்டு. இதனைக் களைவதே நோக்கம் என்று சொல்லி, 1996-ஆம் ஆண்டுச் சட்டம் மணியை அளவாக்கியது. 1997-ஆம் ஆண்டு ஜனவரி முதல் உழைத்த ஒவ்வொரு மணியும் கணக்கில் சேர்ந்தது. சட்டத்தின் பெயரும் மாறிற்று. வேலையின்மைக் காப்புறுதி, வேலைக் காப்புறுதி ஆயிற்று.

ஒவ்வொரு மணியும் கணக்கில் வருவது நல்லதுதானே என்று தோன்றும். ஒரு வகையில் நல்லதுதான். பருவ காலத்தில் வாரம் 60 மணி நேரம் பாடுபடும் தொழிலாளி 7 வாரத்தில் 420 மணியை எட்டிவிடுவார். ஆயின் கணக்கின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். பழைய 12 வாரம் 420 மணி ஆயிற்று. பழைய 20 வாரம் 700 மணி ஆயிற்று. இவ்வெண்கள் எப்படி வந்தன? வாரத்துக்கு 35 மணி என்று வைத்துப் பெருக்கினர். முன்னர் 15 மணி ஒரு வாரமாக இருந்தது. இப்போது 35 மணி ஒரு வாரமாயிற்று. வாரம் 15 மணி நேரம் உழைக்கும் பெண் முன்னர் 20 வாரத்தில், அதாவது 300 மணி நேரத்தில் தகுதி பெற்றாள். புதிய முறையில் 700 மணியை எட்ட அவளுக்கு 47 வாரம் வேண்டும். அளவுகோலின் பெயர் மட்டும் மாறியதாகத் தோன்றினும், கோலின் நீளமே மாறிவிட்டது.

1989-ஆம் ஆண்டில் வேலையற்றோர் எண்ணிக்கையில் நூற்றுக்கு 83 என்னும் அளவில் உதவி பெறுவோர் இருந்தனர். 1997-ஆம் ஆண்டில் அது 42 ஆகக் குறைந்தது. இவ்வீழ்ச்சி முழுவதையும் மணிக்கணக்கின் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. அதற்கு முன்னரே வந்த வேறு கட்டுப்பாடுகளும், வேலைச் சந்தையில் நேர்ந்த மாறுதல்களும் அதில் பங்கு கொண்டன. ஆனால் பகுதிநேர உழைப்பாளர்க்குக் கோடு எட்டாத தொலைவுக்கு நகர்ந்தது என்பதில் ஐயமில்லை.

முப்பத்து மூன்று மணி நேரம்

1998-ஆம் ஆண்டில் மானிடோபா மாகாணத்து வின்னிபெக் நகரில் பகுதிநேரத் தாதி ஒருவர் கருவுற்று வேலையை நிறுத்தினார். உதவித்தொகை கோரி விண்ணப்பித்தார். அவர் உழைத்த மணி 667. சட்டம் கேட்ட மணி 700. குறைந்தது 33 மணி நேரம். முழுநேரத் தொழிலாளிக்கு அது ஒரு வாரத்துக்கும் குறைவான வேலை. விண்ணப்பம் மறுக்கப்பட்டது.

பழைய வாரக் கணக்கு நீடித்திருந்தால் என்னவாயிருக்கும்? வாரம் 20 மணி நேரம் உழைத்ததாக வைத்துக்கொண்டால் 667 மணி 33 வாரத்துக்கு மேலாகும். இருபது வாரம் கேட்ட பழைய சட்டத்தில் அவர் எளிதில் தேறியிருப்பார். 1940-ஆம் ஆண்டில் வேலை போகும் அச்சம் இல்லாதவர் என்று சொல்லித் தாதியரை வெளியே நிறுத்திய திட்டம், அறுபதாண்டு அணுகும் வேளையில், போதிய நேரம் உழைக்காதவர் என்று சொல்லி ஒரு தாதியை வெளியே நிறுத்தியது.

அவர் முறையிட்டார். நடுவர் குழு மறுத்தது. எண் தெளிவாக இருந்தது. குழுவுக்கு வேறு வழி இல்லை. பின்னர் அவர் தலைமை நடுவரிடம் சென்றார். வேலையற்றோருக்கு உதவும் உள்ளூர் மையமொன்று அவருக்குத் துணை நின்றது. இம்முறை வாதம் வேறாக அமைந்தது. "நான் உழைத்த மணியைக் குறைத்து எண்ணிவிட்டீர்" என்று அவர் சொல்லவில்லை. "எண்ணிக்கை சரி, எண்ணே தவறு" என்பது வாதம். குழந்தை வளர்ப்பையும் இல்லப் பணியையும் பெரும்பாலும் பெண்களே சுமக்கின்றனர். அதனால்தான் அவர்கள் பகுதிநேர வேலையை நாடுகின்றனர். ஆடவனின் முழுநேர வேலையை அளவாக வைத்த 700 மணி அவர்களை ஒதுக்கி வைக்கிறது. ஆதலால் கனடாவின் உரிமைச் சாசனம் 15-ஆம் பிரிவில் உறுதி கூறும் சமத்துவத்துக்கு அது முரண் என்று வாதிடப்பட்டது. 1982-ஆம் ஆண்டில் அச்சாசனம் அரசியலமைப்பில் இடம்பெற்றதால்தான் இத்தகைய வாதத்துக்கே வழி பிறந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

2001-ஆம் ஆண்டு மார்ச்சில் தலைமை நடுவர் அவ்வாதத்தை ஏற்றார். அரசு மேல்முறையீடு செய்தது. 2003-ஆம் ஆண்டு ஜனவரியில் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. காப்புறுதி என்றால் எங்காவது ஒரு கோடு கிழித்தே ஆக வேண்டும். அக்கோடு பெண்களின் மாண்பைக் குறைப்பதாகாது. அவ்வாறே கொண்டாலும் அது நியாயமான வரம்பேயாகும் என்பது நீதிமன்றத்தின் முடிவு. அவ்வாண்டிலேயே உச்ச நீதிமன்றமும் வழக்கை விசாரணைக்கு எடுக்க மறுத்தது. ஐந்தாண்டுப் போராட்டம் அத்துடன் முடிந்தது.

ஆனால் இடையில் வேறொன்று நடந்திருந்தது. மகப்பேறு முதலிய சிறப்பு உதவிகளுக்குரிய அளவை நாடாளுமன்றம் 700 மணியிலிருந்து 600 மணியாகக் குறைத்துவிட்டது. 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அத்தாதி 667 மணி உழைத்தவர் என்பதை மீண்டும் நினைவு கூர்க. அவர் வழக்கில் தோற்ற நாளில், அவரைப் போல் 667 மணி உழைத்த மற்றொரு பெண் அலுவலகத்துக்குச் சென்றிருந்தால், மறுபேச்சின்றி உதவித்தொகை பெற்றிருப்பாள்.

மணியை எண்ணுபவர் யார்?

அவ்வாறாயின் மணி போதாது என்ற மறுப்பை எதிர்த்து முறையிடுவதே வீண் என்று எவரும் கருதிவிடலாகாது. கோட்டை நகர்த்த நடுவருக்கு அதிகாரம் இல்லை. ஒரு மணி குறைந்தாலும் இரக்கம் காட்ட இடம் இல்லை. கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் இதனை வலியுறுத்தியுள்ளது. ஆயினும் கோட்டின் இப்பக்கத்தில் மாற்றத்தக்கவை மூன்று உள்ளன.

முதலாவது, மணிக் கணக்கு. வேலை முடிந்ததும் முதலாளி கொடுக்கும் பணிப் பதிவுச் சீட்டில் மணி குறைவாக எழுதப்பட்டிருக்கலாம். அதனைத் திருத்தும் அதிகாரம் காப்புறுதி நடுவருக்கு இல்லை என்பது பலரும் அறியாத செய்தி. எத்தனை மணி உழைத்தார் என்று தீர்ப்பது வருமான வரித் துறையின் பொறுப்பு. அதன் முடிவை எதிர்த்து மேலே சென்றால் வரி நீதிமன்றம் விசாரிக்கும். உதவிக்குத் தகுதி உண்டா என்பது ஒரு வாயில். மணி எத்தனை என்பது வேறு வாயில். இரண்டும் ஒன்றென எண்ணித் தவறான வாயிலில் காத்திருந்து தவணையைத் தவறவிட்டவர் நிலை இரங்கத்தக்கது.

மணிக்கணக்கில் ஊதியம் பெறாதோர் திறத்தில் இவ்வாயில் மிகவும் முக்கியமானது. உழைத்த மணிக்குச் சான்று எதுவும் இல்லையெனில், பெற்ற ஊதியத்தைக் குறைந்தபட்சக் கூலியால் வகுத்து மணியைக் காண்பர். எனினும் வாரம் 35 மணிக்கு மேல் கொள்ளமாட்டார். ஆகவே நாட்குறிப்பு, வேலை அட்டவணை, உடன் பணிபுரிந்தோர் சாட்சியம் ஆகியவற்றைத் திரட்டுபவர் கைதான் ஓங்கும். இதனை ஆசிரியப் பெருமக்கள் எளிதில் உணர்வர். பகுதிநேர ஆசிரியர் வகுப்பில் நின்ற நேரம் மட்டுந்தான் வேலை நேரமா? பாடம் ஆயத்தம் செய்த இரவும், விடைத்தாள் திருத்திய விடுமுறை நாளும் எக்கணக்கில் சேரும்? கனடாவின் வரி நீதிமன்றத்தின் முன் இக்கேள்வி பலமுறை வந்துள்ளது. வகுப்பு மணி ஒலிக்கும் நேரம் மட்டுமே வேலை என்று கொண்டால் பள்ளிக்கூடமே நடவாது என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டுவதில்லை.

இரண்டாவது, தகுதிக் காலம். பொதுவாக, கோரிக்கைக்கு முந்திய 52 வாரத்தில் உழைத்த மணியே எண்ணப்படும். நோய் முதலிய காரணங்களால் அக்காலத்தில் உழைக்க இயலாதிருந்தவர்க்கு அதனை நீட்டிக்கச் சட்டம் இடந்தருகிறது. 104 வாரம் வரை நீளலாம். அந்நீட்சிக்குள் பழைய மணிகள் வந்து சேரும்.

மூன்றாவது, கோரிக்கை நாள். காலந்தாழ்த்தி விண்ணப்பித்தவருக்கு 52 வாரச் சாளரம் நகர்ந்துவிடுவதால், தொடக்கத்தில் உழைத்த மணிகள் கழிந்துபோகும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்ததென்று மெய்ப்பித்தால் கோரிக்கையை முன்னாளிலேயே செய்ததாகக் கொள்வர். இழந்த மணிகள் மீண்டும் கணக்கில் ஏறும். முறையீட்டில் வென்றோர் பலர் வென்றது இவ்வழிகளில்தான்.

புதியவருக்குப் பெரிய கோல்

1997-ஆம் ஆண்டு முறையில் இன்னொரு கோல் இருந்தது. வேலைச் சந்தைக்குப் புதிதாக வருவோரும், நெடுநாள் விலகியிருந்து திரும்புவோரும் 910 மணி உழைத்திருக்க வேண்டும். இது 26 வாரத்தை 35 மணியால் பெருக்கிய எண். முந்திய முறையில் புதியவருக்கு 20 வாரம். வாரம் 15 மணி என்று கொண்டால் 300 மணி. மூன்று மடங்குக்கு மேல் கோல் நீண்டது. படிப்பு முடித்து வேலைக்குச் சேரும் இளைஞர் உதவித்தொகையையே நம்பிப் பழகிவிடலாகாது என்பது அரசு கூறிய காரணம். ஆனால் அதே விதி, பிள்ளை பெற்றுச் சில ஆண்டு வீட்டிலிருந்து திரும்பிய தாயையும், அயல்நாட்டிலிருந்து வந்து குடியேறியவரையும் ஒருசேரப் பிடித்தது.

இவ்விடத்தில் தமிழர் கதையும் சிறிது கலக்கிறது. 1983-ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப்பின் இலங்கைத் தமிழர் பல்லாயிரவர் கனடாவில் அடைக்கலம் புகுந்தனர். 1986-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர் காப்பாற்றிக் கரை சேர்த்த நிகழ்ச்சி உலகறிந்தது. 1997-ஆம் ஆண்டுக்குப்பின் டொராண்டோ நகரில் வந்திறங்கி முதல் வேலையில் சேர்ந்த தமிழருக்கும், மற்ற நாட்டுக் குடியேறிகளுக்குப் போலவே, 910 மணி என்பதே கோலாக இருந்தது. சமையற்கூடத்திலோ ஆலையிலோ 900 மணி உழைத்தபின் வேலை போனவர் ஊதியத்திலிருந்து சந்தா தவறாமல் பிடிக்கப்பட்டிருக்கும். உதவி மட்டும் கிடைத்திராது. அவருக்கு அருகில் நின்று உழைத்த பழையவர் 700 மணியிலோ அதற்கும் குறைவிலோ தகுதி பெற்றிருப்பார். இருவரும் கட்டிய சந்தாவின் விகிதம் ஒன்றே.

இந்த 910 மணி விதி 2016-ஆம் ஆண்டு ஜூலையில் நீக்கப்பட்டது. அதனை நீக்கியதும் நாடாளுமன்றமே. நடுவர் மன்றம் அன்று.

மன்றமும் மாறிற்று

இதற்கிடையில் முறையீட்டு மன்றமே உருமாறியது. முதலாளி சார்பில் ஒருவரும் தொழிலாளி சார்பில் ஒருவரும் அமர்ந்த நடுவர் குழுக்களும், தலைமை நடுவர் பதவியும் 2013-ஆம் ஆண்டு ஏப்ரலில் முடிவுக்கு வந்தன. சமூகக் காப்பு நடுவர் மன்றம் என்னும் ஒரே அமைப்பு அவற்றின் இடத்தைப் பெற்றது. அதில் மூவருக்கு மாறாக ஒருவரே வழக்கைக் கேட்டார். அதற்கு முன்னர், மறுத்த அலுவலகத்திடமே மறுபரிசீலனை கோருதல் கட்டாயமாயிற்று. அதற்குத் தவணை 30 நாள். தொழிலாளர் அமைப்புகள் இம்மாற்றத்தைக் கடுமையாகக் குறைகூறின. மூவர் குழு முறைக்குத் திரும்பப் போவதாக 2019-ஆம் ஆண்டில் அரசே அறிவித்தது. 1911-ஆம் ஆண்டில் பிரிட்டன் கண்ட வழியின் அருமை, அதனைக் கைவிட்ட பின்னரே விளங்கிற்று போலும்.

கோல் விலகிய நாள்

2020-ஆம் ஆண்டு மார்ச்சில் கொள்ளைநோய் பரவிக் கடைகளும் ஆலைகளும் மூடியபோது, மணியை எண்ணிக்கொண்டிருக்க நேரம் இல்லாமற் போயிற்று. அரசு மணிக்கணக்கை ஒதுக்கிவைத்து, ஆண்டில் 5,000 டாலர் ஈட்டியிருந்தால் போதும் என்று சொல்லி, நான்கு வாரத்துக்கு 2,000 டாலர் வீதம் அவசர உதவி வழங்கியது. எண்பது இலட்சம் பேருக்கு மேல் அதனைப் பெற்றனர். செப்டம்பரில் காப்புறுதி திரும்பியபோது, ஒவ்வொருவர் கணக்கிலும் 300 மணியைச் சட்டமே இனாமாக எழுதியது. மகப்பேறு முதலிய சிறப்பு உதவிக்கு 480 மணியை எழுதியது. உண்மையில் 120 மணி உழைத்திருந்தால் போதுமாயிற்று. அடுத்த ஆண்டில் நாடு முழுமைக்கும் 420 மணி என்னும் ஒரே அளவு வந்தது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் அந்தத் தற்காலிக ஏற்பாடு முடிந்து, வட்டாரத்துக்கேற்ப 420 முதல் 700 மணி வரை கேட்கும் பழைய முறை திரும்பியது.

ஆகவே 180 நாள், 8 வாரம், 700 மணி, 600 மணி, 910 மணி, 120 மணி ஆகிய இவ்வெண்களில் எதுவும் இயற்கையாய் விளைந்ததன்று. ஒவ்வொன்றும் ஒரு காலத்து ஆட்சியாளர் "உழைப்பாளி என்பவர் இவரே" என்று மனத்தில் கொண்ட ஓவியத்தின் அளவு. அவ்வோவியம் மாறும்போது எண்ணும் மாறுகிறது.

நமக்கும் இதில் சிந்திக்க இடமுண்டு. மலேசியாவில் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்து, 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டம், மணியையோ வாரத்தையோ கொள்ளாமல் மாதச் சந்தாவை அளவாகக் கொண்டது. முதல் கோரிக்கைக்கு 24 மாதத்தில் 12 மாதச் சந்தா என்று அது வகுத்தது. மாதக் கணக்கு எளியது. ஆயினும் இடைவிட்டு இடைவிட்டு வேலை கிடைக்கும் தொழிலாளிக்கு எந்தக் கணக்கும் எளிதன்று. தம் பதிவுகளைத் தாமே பேணி வைத்தல், மறுப்புக் கடிதத்தின் தவணையை முதலில் பார்த்தல், "எண்ணியது தவறா? எண்ணே தவறா?" என்று பிரித்தறிதல் ஆகிய மூன்றையும் நம் மாணாக்கர்க்கு இப்போதே சொல்லி வைப்பது நலம். எண்ணியது தவறு என்றால் அதற்கு மன்றம் உண்டு. எண்ணே தவறு என்றால் அதற்குச் சட்டமன்றம் வரை குரல் எட்ட வேண்டும்.

வின்னிபெக் தாதி இரண்டாம் வழக்கை முதல் வழக்குக்குரிய வாயிலில் தொடங்கி நெடுந்தூரம் சென்றார். அவருக்குக் கிடைத்தது ஒரு மறுப்பே. எனினும் பகுதிநேரத்தில் உழைக்கும் தாயைச் சட்டம் எந்தக் கண்ணால் காண்கிறது என்பதை ஒரு நாடு முழுவதும் கேட்கும்படி அவர் கேட்டுவிட்டார். குறைந்த 33 மணி நேரத்தை அவர் வீணில் கழித்திருக்கவில்லை. வீட்டில் அவர் செய்த வேலையைக் கணக்கில் ஏற்றும் கோல் மட்டுமே அந்நாட்டில் இல்லை.